பௌர்ணமி இல்லாத கூத்து

மாசி மாதத்து மூன்றாம் பிறை தோன்றியதும் காமன் கம்பம் ஊன்றுவது மலையகத் தோட்டங்களில் நெடுநாளைய வழக்கம். பகலிலே கவ்வாத்து வெட்டிய இளைஞன் இரவிலே மன்மதனாகிறான்; அவன் தோழன் சேலை உடுத்து இரதியாகிறான். தப்பு முழங்க லயந்தோறும் சென்று ஆடுகிறார்கள். பௌர்ணமியன்று காமன் எரிக்கப்பட்ட பின் வேடம் கலைகிறது. மன்மதன் மீண்டும் பெரட்டுக்களத்தில் வந்து நிற்கிறான்.

பலர் கூடி வேடந்தாங்கிக் கற்பனையுலகிலே வாழும் இந்த ஆசை இன்று கணினித் திரையிலும் குடிபுகுந்திருக்கிறது. 1978ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எஸெக்ஸ் பல்கலைக்கழகத்து மாணவர்களான ரோய் ட்ரப்ஷோ, ரிச்சர்ட் பார்ட்டில் என்போர் இத்தகைய விளையாட்டொன்றை ஆக்கினர். அதிலே படங்கள் இல்லை, யாவும் எழுத்தே. 2004இல் வெளிவந்த 'வேர்ல்ட் ஒவ் வோர்கிராப்ட்' என்னும் விளையாட்டுக்கோ, 2010ஆம் ஆண்டளவில் 120 இலட்சம் சந்தாதாரர் இருந்தனர்.

இதில் அப்படி என்ன கவர்ச்சி? ஒருவன் தன் பெயரையும் உருவத்தையும் தானே தெரிந்துகொள்கிறான். எந்தத் தோட்டம், யாருடைய மகன் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் அமைந்துள்ள பட்டிப்பொலவில், மாலையிலேயே பனிமூட்டம் கதவடைத்துவிடும் லயன் அறையொன்றில் இருக்கும் இளைஞனுக்கு இது சிறிய விடுதலையன்று. மேலும், தனியொருவனால் அங்கே பெரிய அரக்கனை வெல்ல முடியாது. ஒருவன் அடியைத் தாங்க வேண்டும். ஒருவன் காயம் ஆற்ற வேண்டும். மற்றையோர் தாக்க வேண்டும். முற்காலத்துப் பெரும் போர்களுக்கு நாற்பது பேர் வரை தேவைப்பட்டனர். தான் வராவிட்டால் ஆட்டம் நடவாது என்ற எண்ணம் எவனுக்கும் இனிப்பதே.

நோர்வே நாட்டு மாட்ஸ் ஸ்டீன் தசைகள் நலிவுறும் நோயினால் சக்கர நாற்காலியிலே வாழ்ந்தவர். 2014இல் தமது 25ஆம் வயதிலே மறைந்தார். மகன் நண்பரின்றித் தனிமையிலே வாடினான் என்றே பெற்றோர் நினைத்திருந்தனர். மரணச் செய்தி வெளியானதும், 'இபெலின்' என்ற வீரனாக அவரை அறிந்திருந்த விளையாட்டுத் தோழர்களிடமிருந்து இரங்கற் கடிதங்கள் வந்து குவிந்தன. சிலர் வேற்று நாடுகளிலிருந்து இறுதிச் சடங்கிற்கே வந்தனர். இதனை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிடுவது அறியாமை.

ஆயினும், இந்தக் கூத்துக்குப் பௌர்ணமி கிடையாது. ஆடுவோன் உறங்கினாலும் அவ்வுலகம் உறங்குவதில்லை. முதற்படிகள் சில நிமிடங்களில் கைகூடும். பின்னைய படிகளுக்கு நாட்கணக்காகும். வீழ்ந்த அரக்கனிடம் அரிய வாள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்த நிச்சயமின்மையே 'இன்னும் ஒரு முறை' என்று கையைப் பிடித்திழுக்கிறது. தோழர்கள் ஐரோப்பாவில் இருந்தால் துன்பம் இன்னும் அதிகம். மாரிகாலத்தில் ஜேர்மனியில் இரவு 8 மணி என்பது பட்டிப்பொலவில் நள்ளிரவு 12.30. காலையிலே பாடசாலை மணி அடிக்கும்போது அம்மாணவனின் உடல் மாத்திரமே வகுப்பில் இருக்கும். கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டுகளோ, ஆயுதமும் அலங்காரமும் விற்றுப் பணம் பறிக்கின்றன. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்திற்கு அது சிறு தொகையன்று.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில், விளையாட்டுக்கு அடிமையாதலும் ஒரு கோளாறாக இடம்பெற்றுள்ளது. பல மணி நேரம் ஆடுவது மாத்திரம் அக்கோளாறாகாது. கட்டுப்பாடு இழத்தல், பிற கடமைகளிலும் விளையாட்டே மேலோங்குதல், கேடு கண்டும் நிறுத்தாமை ஆகியவை பொதுவாக ஓராண்டளவு நீடித்தாலே அப்பெயர் பொருந்தும். ஆடுவோரில் பெரும்பாலோர் இவ்வகையினர் அல்லர்.

பெற்றோர் ஒன்றை அறிந்திருப்பது நலம். போரின் நடுவே கருவியைப் பறிப்பது, இரதி புலம்பிக்கொண்டிருக்கையில் நடிகனைக் களத்திலிருந்து இழுத்து வருவதைப் போன்றது. மகன் சினப்பது ஆட்டத்துக்காக மாத்திரமன்று; கூட்டாளிகளைக் கைவிட்ட வெட்கமும் அதிலே கலந்திருக்கிறது. ஆகையால், எந்தப் போரோடு அன்றைய ஆட்டம் முடியும் என்பதைத் தொடங்குமுன்னரே அவனிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.