மிச்சமாகும் நேரம் யாருக்கு?

பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் குடியிருக்கும் சகோதரிகளுக்கு ஆகாய விமானம் ஓர் அதிசயமே அல்ல. மொட்டை மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருக்கும்போதே, தலைக்கு மேல் உறுமிக்கொண்டு போய் மீனம்பாக்கத்தில் இறங்குகிறது. காக்கை ஓட்டும் வேலையாவது மிச்சம் என்று நினைத்துக் கொள்வோம்!

"ஏறி உட்கார்ந்தால் ஒன்றரை மணியில் மதுரை. ரயிலில் போய் ஒரு ராத்திரியை ஏன் வீணாக்க வேண்டும்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அப்படி மிச்சமாகும் நேரம் யார் கணக்கில் சேருகிறது? அவசரமாகப் போய் அவசரமாகத் திரும்பினால், வாசற்படி ஏறும்போதே, "அம்மா, ராத்திரிக்கு என்ன டிபன்?" என்ற குரல் கேட்கும். மிச்சம் பிடித்ததெல்லாம் அடுப்பங்கரைக்குத்தான் போய்ச் சேரும். ரயிலிலோ, வண்டி நகர்ந்துவிட்டால் விடியும் வரை உங்களை யாரும் எதுவும் கேட்க முடியாது. பால் பொங்கிவிடுமே என்ற பயமில்லை; குழாயில் தண்ணீர் வரும் நேரமாயிற்றே என்ற கவலையில்லை. ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருக்கலாம். இப்படிச் சும்மா உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று, யோசித்துப் பாருங்கள்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு சௌகரியம். தெற்கே போகும் பல வண்டிகளுக்கு மூட்டை முடிச்சுகளோடு எழும்பூருக்கு ஓட வேண்டியதில்லை, தாம்பரத்திலிருந்தே புறப்படுகின்றன. 1931-ல் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது தாம்பரம்தான் அதற்குக் கடைசி ஸ்டேஷன். இந்த வண்டிகளுக்கோ அதுவே முதல் ஸ்டேஷன்!

அவற்றில் ஒன்று, 2025 ஏப்ரல் 6-ந் தேதி, ஸ்ரீராம நவமியன்று கொடியசைத்துத் தொடங்கப்பட்ட ராமேசுவரம் வண்டி. ராமேசுவரத்தில் விமான நிலையம் கிடையாது. மதுரையில் இறங்கி, கார் பிடித்து, சுமார் 170 கிலோமீட்டர் போக வேண்டும். மீனம்பாக்கத்தில் முன்கூட்டியே போய்க் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கொள்ளுங்கள். பகலில் பெரும்பகுதி போயிற்று! ரயில் எடுத்துக்கொள்வது நாம் தூங்கும் நேரத்தை மட்டுந்தான்.

மாலையில் ஏறினால், வெளிச்சம் மிச்சமிருக்கும் நாட்களில், செங்கற்பட்டுக்கு முன் கொளவாய் ஏரியைப் பார்க்கலாம். பிறகு புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டியதுதான். எதிரே இருக்கும் அம்மாள், "எந்த ஊருக்குப் போறீங்க?" என்று ஆரம்பிப்பார். சிதம்பரம் வருவதற்குள் அவர் வீட்டு மருமகள் விவகாரம் முழுவதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்; உங்கள் மாவடுவில் பாதியும் தீர்ந்திருக்கும். மாயவரம், திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி எல்லாம் தூக்கத்திலேயே கடந்துவிடும்.

பாம்பனில் மட்டும் எழுந்துவிடுங்கள். 1914-ல் திறந்த பழைய பாலத்தின் வழியாகத்தான் அந்தக் காலத்து 'போட் மெயில்' தனுஷ்கோடிக்குப் போயிற்று. அங்கே கப்பலேறித் தலைமன்னார் வழியாகக் கொழும்பு போவார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது. பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலத்தில்தான் இப்போது வண்டி போகிறது. கப்பல் வந்தால், அதன் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி, லிப்ட் போல 17 மீட்டர் உயரம் மேலே எழும்புகிறது! போகும்போது இருட்டாயிருந்தால் குறைப்பட வேண்டாம். திரும்பும் வண்டி பிற்பகலில் கிளம்புகிறது. இரு புறமும் கடலைக் கண்ணாரக் காணலாம்.

ரயிலில் குறையே இல்லையா? பக்கத்துப் படுக்கைக்காரரின் குறட்டை இருக்கிறது. கழிவறையைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது. பெற்றவர்களுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தால், விமானத்தில்தான் பறக்க வேண்டும். அதில் எனக்குச் சண்டையில்லை.

டிக்கெட் பதிவு 60 நாள் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. விடுமுறை நாட்களுக்கு முந்திக்கொள்ளுங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 45 வயதான பெண்களுக்குக் கீழ்ப் படுக்கையில் தனி ஒதுக்கீடு உண்டு. அதற்கு வயதை உள்ளபடி எழுத வேண்டும், அவ்வளவுதான்!