திரைவழி ஒரு குழந்தையை அறிதல்

எலும்பு முறிந்தால் ஊடுகதிர்ப் படம் காட்டிவிடும். குருதியில் சர்க்கரை மிகுந்தால் சோதனைச்சாலை சொல்லிவிடும். ஆட்டிசம் எனப்படும் நிலைக்கோ அத்தகைய சோதனை ஒன்றும் இன்றுவரை வாய்க்கவில்லை. குழந்தை விளையாடுவதையும், ஒலி எழுப்புவதையும், பிறர் முகத்தை நோக்குவதையும் உற்றுப் பார்த்தும், பெற்றோரை வினவியுமே அது உளதா இலதா என்று துணிதல் வேண்டும். 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகர மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் இவ்வாறு கண்டும் கேட்டும் எழுதப்பட்டதே. இந்நிலை மூளை வளர்ச்சியில் அமைந்த ஒரு வேறுபாடு. வளர்ப்பின் குறையால் வருவதன்று. சென்ற நூற்றாண்டில் கற்றறிந்தோர் சிலரே தாய்மாரைப் பழித்தனர் என்பது வருந்தத்தக்கது.

கண்ணால் கண்டே அறியவேண்டுமெனில், காணத் தெரிந்தவர் அருகில் இருத்தல் வேண்டுமன்றோ? அத்தகைய வல்லுநர் பெரும்பாலும் நகரங்களிலேயே வாழ்கின்றனர். அமெரிக்காவின் டென்னசி மாநிலம் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் மலையோரச் சிற்றூரில் வாழும் தாய், நாஷ்வில் நகர மருத்துவமனைக்குப் பல மணி நேரம் பயணம் செய்யவேண்டும். அதற்கு முன் பல மாதம் காத்திருக்கவும் வேண்டும். இரண்டு வயதுக் குழந்தைக்கு ஆறு மாதம் என்பது அதன் வாழ்நாளில் நான்கில் ஒரு பங்கு என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்நகரிலுள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் தொலைவிலிருந்தே குழந்தையைக் காணும் முறையை முன்பே ஆராய்ந்து வந்தனர். 2020-ஆம் ஆண்டில் கொரோனா பரவி மருத்துவமனைக் கதவுகள் அடைபட்டபோது அம்முறை உடனடித் தேவையாயிற்று. நேரில் வந்தாலும் முகக்கவசம் அணிந்தவரின் புன்னகையைக் குழந்தை காண்பதெப்படி? மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென அவர்கள் வகுத்த முறை எளியது. வல்லுநர் திரையில் இருந்து பார்ப்பார். செயல்களை நடத்துபவர் தாயோ தந்தையோ ஆவார். முதலில் குழந்தை தன் போக்கில் விளையாடும். பின்பு தாய் பெயர் சொல்லி அழைப்பாள். எட்ட உள்ள ஒரு பொருளைச் சுட்டிக் காட்டுவாள். தின்பண்டத்தைத் திறக்கவியலாத டப்பாவில் இட்டுக் கொடுப்பாள். குழந்தை டப்பாவை நீட்டித் தாயின் முகத்தைப் பார்க்கிறதா, அல்லது அவள் கையை மட்டும் பற்றி மூடியின்மேல் வைக்கிறதா என்பதில் அறியத்தக்கது மிகுதி. ஏழு வகை நடத்தைகளுக்கு மதிப்பெண் இடப்படும். (மதிப்பெண் என்றதும் தேர்வை நினையாதீர்கள், இங்கே தேறுவதும் தவறுவதும் இல்லை.)

பெற்றோர் இதை எவ்வாறு ஏற்றனர்? தன் வீட்டில், தன் பொம்மைகளோடு இருக்கும் குழந்தை அஞ்சி அழுவதில்லை. இயல்பாக நடந்துகொள்கிறது என்று பலர் மகிழ்ந்தனர். பயணச் செலவும் கூலியிழப்பும் இல்லை. ஆயினும், தாயாகவும் சோதிப்பவராகவும் ஒரே வேளையில் இருப்பது சிலருக்குப் பாரமாயிற்று. தாம் சரியாகச் செய்தோமா என்ற ஐயம் அவர்களை வாட்டிற்று. என் கருத்தில், இப்பாரத்திலும் ஒரு நன்மை உண்டு. வல்லுநர் எதைக் கவனிக்கிறார் என்பதைத் தாய் தானே செய்து அறிகிறாள். முடிவு அவளுக்குப் புதிராக வந்து சேர்வதில்லை.

வல்லுநர்க்குற்ற இடர்கள் வேறு. குழந்தை ஓடிவிட்டால் திரையில் வெறுஞ்சுவரே எஞ்சும். அது தாயின் கண்ணைப் பார்த்ததா, கைப்பேசியைப் பார்த்ததா என்று துணிவது கடினம். இணைப்பு நடுவே அறுந்துபோவதும் உண்டு. எல்லாவற்றினும் அரிது, முடிவைச் சொல்வது. கண் கலங்கும் தாயின் பக்கத்தில் சற்றே மௌனமாக அமர்ந்திருத்தல் நேரில் இயலும். திரையில் மௌனம், இணைப்பு அறுந்ததோ என்ற மயக்கத்தையே தரும்.

நல்ல கருவியும் இணைப்பும் இல்லாத வீட்டை இம்முறை எட்டாது. அவ்வீடுகளே பெரும்பாலும் நகரினின்று தொலைவில் உள்ளவை. எட்டிய வீடுகளிலும் சில குழந்தைகளைப் பற்றி உறுதியாகக் கூறவியலாது என வல்லுநர் ஒப்புவர். அக்குழந்தைகள் நேரில் காணப்படுதற்கு மீண்டும் காத்திருக்கவேண்டும். ஆனால் அந்நாட்டுச் சட்டப்படி, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வளர்ச்சியில் போதிய தாமதம் காணப்பட்டாலே பேச்சுப் பயிற்சி முதலிய உதவிகள் கிடைக்கும். ஆட்டிசம் என்ற பெயர் வரும்வரை அவற்றை நிறுத்திவைக்க வேண்டுவதில்லை.