ரத்தப்போக்குக்குப் பேதி மருந்தா?

மலத்தில் ரத்தம் கொட்டி அவசரப் பிரிவுக்கு வந்தவரிடம் பேதி மருந்தை நீட்டினால் வீட்டார் பதறத்தான் செய்வார்கள். ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறதே, இன்னும் எதற்கு?

ரத்தம் கசியும் இடம், பெருங்குடல் சுவரில் பிதுங்கிய சிறு பைக்குள் இருக்கும் பொடி ரத்தக்குழாயாக இருக்கலாம். உறைந்த ரத்தமும் மலமும் மூடியிருந்தால் கொலோனோஸ்கோப்பி கேமரா அதைக் கவனிக்காமலே கடந்துவிடும். கண்ணில் பட்டுவிட்டால் அங்கேயே கிளிப் போட்டு நிறுத்தலாம்.

அதனால் முதலில் குடலைக் கழுவ வேண்டும்; அதற்குக் கொடுப்பது பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசல். வழக்கமாக 4 முதல் 6 லிட்டர், 3-4 மணி நேரத்தில். குடல் இதை உறிஞ்சாது. நீரைத் தன்னோடு பிடித்துக்கொண்டு அப்படியே அடித்துச் செல்லும். உப்புகளும் அளவாகச் சேர்த்திருப்பதால் உடம்பின் நீர் பெரிதாக இழுபடாது. ரத்தம் இழந்தவருக்கு இதுதான் முக்கியம். வெளியேறுவது தெளிந்த நீராகும்வரை தொடர்வார்கள்.

குடிக்க முடியாவிட்டால் மூக்குவழிக் குழாய் உண்டு. ஆனால் நினைவு மங்கியவருக்கு வாந்தி நுரையீரலுக்குள் போகலாம்; அது உயிருக்கே ஆபத்து. எதுவானாலும், முதலில் சலைனும் தேவைப்பட்டால் ரத்தமும் ஏற்றி ரத்த அழுத்தத்தை நிலைநிறுத்த வேண்டும். அப்படியும் நிலைக்காமல் ரத்தம் கொட்டினால், குடலைக் கழுவக் காத்திராமல் சி.டி. ஆஞ்சியோகிராமுக்கு அனுப்புவார்கள்.