விதைநெல் திரும்பிய நாடு

1979 ஜனவரியில் கெமர் ரூஜ் என்ற தீவிரக் கம்யூனிஸ்டுகளின் ஆட்சி கவிழ்ந்தபோது, கம்போடியாவில் வயல் இருந்தது. போட விதைநெல் இல்லை. அந்த ஆட்சியில், ஹெக்டேருக்கு 3 டன் விளையவேண்டும் என்று மேலிடத்துக் கட்டளை. அதற்காகப் பழைய வரப்புகளை அழித்துச் சதுரம் சதுரமாக வயல் வெட்டினார்கள். எந்த மண்ணுக்கு எந்த நெல் என்று அறிந்த குடியானவர்களை வேறெங்கோ ஓட்டினார்கள். பசி முற்றியதும் ஜனங்கள் விதைநெல்லையும் குத்திக் காய்ச்சிக் குடித்தார்கள். யாரைக் குறை சொல்வது?

அதில் பெரிய இழப்பு ஆழநீர் நெல். மழைக்காலத்தில் தோன்லே சாப் ஏரி கரைமீறிப் பரவும். தண்ணீர் ஏற ஏற அந்தப் பயிரின் தண்டும் கூடவே நீண்டு, மூன்று நான்கு மீட்டர் ஆழத்திலும் தலையை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே மற்ற நெல்லைப் போட்டால் மூழ்கி அழுகும்.

நல்லவேளை, 1970களின் தொடக்கத்திலேயே 700க்கும் மேற்பட்ட கம்போடிய ரகங்கள் பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸ் ஊரிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் குளிர் அறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. 1980களில் அவை சிறு சிறு பொட்டலங்களாகத் திரும்பின. 1987இல் ஆஸ்திரேலிய நிதியில் ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கியது. அதற்காக வேளாண் விஞ்ஞானி ஹாரி நெஸ்பிட் தலைமையில் ஒரு குழு வந்தபோது சில வயல்களில் கண்ணிவெடி இன்னும் புதைந்திருந்தது. ஐஆர் 66 போன்ற குறுகிய காலப் பயிர்கள் வந்தபின், பாசனம் உள்ள இடங்களில் குடியானவர்கள் இரண்டாம் போகமும் கண்டார்கள்.

1995இல் நாடு தன் சோற்றுக்குத் தானே விளைவித்துக்கொண்டது. 1980களில் ஹெக்டேருக்கு ஒன்றேகால் டன் ஒட்டி இருந்த விளைச்சல் இன்று 3 டன்னைத் தாண்டிவிட்டது. கெமர் ரூஜ் துப்பாக்கிமுனையில் கேட்ட அதே 3 டன்!

இன்று அந்நாட்டுக்குப் பேர் வாங்கித் தருவது ப்கா ரும்துவல் என்ற வாசனை நெல். 2012இல் உலகின் சிறந்த அரிசி என்ற விருதை வென்றது. அது இனக்கலப்பு செய்து உருவாக்கிய புதுப் பயிர் அல்ல. நாட்டு நெல்லுக்குள்ளிருந்தே பொறுக்கிச் சுத்தப்படுத்திய ரகம். ஆராய்ச்சி என்றால் புதிதாகப் படைப்பது மட்டும்தான் என்பாருக்கு இதைக் காட்டலாம்.

நடவுக்குப் பதில் பல ஊர்களில் இப்போது நேரடி விதைப்பு. கதிர் அரிவாளின் வேலையை இயந்திரம் செய்கிறது. ஆனால் அறுத்த ஈரநெல்லைக் காயவைக்கவும் அரைக்கவும் வசதி போதவில்லை. அதனால் பெருமளவு நெல் அரிசியாகாமலே எல்லை தாண்டி வியட்நாம் ஆலைகளுக்குப் போகிறது. அரைத்து விற்கும் லாபம் அங்கே, உரக்கடன் இங்கே.