தாம்போதிக் கரையில் ஒரு விடியல்

மன்னாரில் குளிர்காலம் என்றால் மலைநாட்டார் சிரிப்பார்கள். ஆயினும் மார்கழி, தை மாதங்களில், வாடைக்காற்று வீசும் விடியற்காலையில், தாம்போதி வழியே நடந்து பாருங்கள். காதைச் சுற்றி ஒரு துவாய் கட்டத் தோன்றும்.

பல வருடங்களாக அந்த வழியால் மோட்டார் சைக்கிளில் கூட்டங்களுக்கு விரைந்தவன் நான். இருபுறமும் கிடப்பது வெறுஞ் சேறு என்றே எண்ணியிருந்தேன். ஒருநாள் ரயருக்குக் காற்றுப் போய் நடக்க நேர்ந்தது. அன்றுதான் கண்டேன். பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகினால் சேற்றுநீரை வடித்து இரை எடுத்துக்கொண்டிருந்தன. சற்று அப்பால் வட ஆசியாவிலிருந்து வந்த ஊசிவால் வாத்துகள். நீண்ட அலகை அடிவரை சேற்றினுள் செருகும் கருவால் மூக்கன்கள்.

இச்சேறு 2008இல் வங்காலைச் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பரப்பு 4,839 ஹெக்டேயர். 2010இல் றம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. ஐப்பசியளவில் வரும் வலசைப் பறவைகள் பங்குனி, சித்திரையில் திரும்புகின்றன. அந்த நெடும்பயணத்துக்கு வேண்டிய கொழுப்பை இங்கேயே தின்று சேர்க்க வேண்டும். படம் எடுக்கவென்று கிட்டப்போய்க் கூட்டத்தை எழுப்பிவிடுவோர் அச்சேமிப்பிலேதான் கைவைக்கிறார்கள்.

நானும் அன்று சேற்றில் இறங்கியவன்தான். கரையில் வலை உலர்த்திய பெரியவர் ஒருவர், "கொஞ்சம் நில்லுங்கோ, அதுகள் தின்னட்டும்" என்றார். நின்றேன். அரை மணித்தியாலத்தில் பூநாரைகள் தாமாகவே எங்கள் பக்கம் நகர்ந்து வந்தன.