தொடர்வண்டித் தடத் தேடல் கருவி (செயற்கை நுண்ணறிவு)

தொடர்வண்டித் தடத் தேடல் கருவி என்பது புறப்படும் நிலையம், சேரும் நிலையம், நேரம் ஆகியவற்றைப் பெற்று, பொருத்தமான வண்டிகளையும் அவற்றிடையே மாறவேண்டிய நிலையங்களையும் தரும் மென்பொருள் ஆகும். செயற்கை நுண்ணறிவு முகவர்கள் இதன் விளக்கக்குறிப்பைப் படித்தே இதனைப் பயன்படுத்துகின்றன. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலில், கருவியின் பெயர், விளக்கம், உள்ளீட்டு அமைப்பு ஆகியவை முகவருக்கு அளிக்கப்படுகின்றன.

நிலையப் பெயர்

ஜெர்மனியில் பிராங்க்ஃபுர்ட் என்ற பெயரில் இரு நகரங்கள் உள்ளன. ஒன்று மேற்கே மைன் ஆற்றங்கரையிலும், மற்றொன்று போலந்து எல்லையில் ஓடர் ஆற்றங்கரையிலும் அமைந்துள்ளது. பயணி பட்டியலைப் பார்த்துத் தமக்குரியதைத் தெரிவு செய்வார். முகவரோ பெரிய நகரையே எடுத்துக்கொள்ளக்கூடும். அவ்வாறாயின் பயணச்சீட்டு நாட்டின் மறுகோடிக்கு எடுக்கப்பட்டுவிடும். எனவே முதலில் நிலையத்தைத் தேடவேண்டும், ஒன்றுக்கு மேற்பட்டவை கிடைத்தால் பயனரிடம் கேட்கவேண்டும், பின்னர் நிலைய எண்ணையே தரவேண்டும் எனக் குறிப்பில் எழுதுவது அவசியம். மைன் நகரின் முதன்மை நிலையத்தின் எண் 8000105 ஆகும்.

நேரம்

அங்கு அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை 3 மணிக்குக் கடிகாரம் 2 மணிக்குத் திருப்பப்படுகிறது. அன்று 2:30 இருமுறை வரும். ஆகவே நேரத்துடன் +02:00 அல்லது +01:00 என்ற வேறுபாட்டையும் கேட்கவேண்டும்.

விடை

நிரலாளர்கள் எளிதில் மறக்கும் பகுதி இதுவே. வண்டி இல்லாதபோதும், வழங்கி பதிலளிக்காதபோதும் வெற்றுப் பட்டியலே திரும்பினால், முகவர் இரண்டையும் "வண்டி இல்லை" என்றே பயனருக்குக் கூறிவிடும். பிழைக்குத் தனிச் செய்தி தேவை.