உதவி நன்கொடை பெறத் தகுதியுடைய பாடசாலை எது?

கல்லூரியொன்று விழாக் கொண்டாடும் போதெல்லாம் பழைய மாணவர் கூட்டத்தில் ஒரு வினா தவறாது எழுகின்றது. "ஆய்வுகூடத்திற்கு நாம் ஏன் பணம் திரட்ட வேண்டும்? அரசாங்கம் தரலாகாதா?" என்பதே அவ்வினா. நியாயமான வினாத்தான். ஆயினும் கேட்டவர்க்கெல்லாம் அரசாங்கம் பணம் தருவதில்லை. தான் வகுத்த விதிகளின்படி தகுதியுடையார் எனத் துணிந்தவர்க்கே தருகின்றது. அத்தகுதி எவ்வாறு அளக்கப்பட்டு வந்தது என்பதை மலைநாட்டவராகிய நாம் அறிந்திருத்தல் நன்று. அந்த அளவுகோல் நெடுங்காலம் நம்மைத் தொடாமலே சென்றது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு பாடசாலை பாடசாலையென ஏற்றுக்கொள்ளப்படுவது வேறு; அது பொதுப்பணத்தில் உதவி பெறுவதற்கு உரியதாவது வேறு. அயல் நாடாகிய இந்தியாவில் இவ்வேறுபாடு சட்டத்திலேயே வெளிப்படையாக உள்ளது. அங்கே 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவின்கீழ் ஒரு கல்லூரி அங்கீகாரம் பெறுகின்றது. 1972இல் சேர்க்கப்பட்ட 12(பி) பிரிவின்கீழும் தகுதி பெற்றாலன்றி மத்திய அரசாங்கத்தின் மானியம் அதற்குக் கிட்டாது. வாயிலைக் கடந்தவரெல்லாம் பந்தியில் அமர்ந்தவர் ஆகார்.

இலங்கையில் 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் தோன்றியதைத் தொடர்ந்து உதவி நன்கொடை முறை ஒழுங்கு பெற்றது. அதற்கு முன்னர் இருந்த கல்விச் சபை பெரும்பாலும் கிறித்துவ பாடசாலைகளுக்கே கைகொடுத்தது. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் 1848இல் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலை 1870 வரை காத்திருந்தே அரசாங்க உதவியைக் கண்டது. புதிய முறை சமய போதனையைக் கணக்கில் எடாது, உலகியற் பாடங்களின் பெறுபேற்றுக்கு மட்டும் பணம் அளித்தது. வித்தியாதரிசி ஆண்டுக்கு ஒருமுறை வந்து, ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் சோதிப்பார். தேறியவர் தொகைக்கேற்பப் பணம் கிடைக்கும். பார்வைக்கு இதனினும் நடுநிலையான விதி இல்லை. ஆனால் நல்ல ஆசிரியரை அமர்த்தப் பணம் வேண்டும். பணம் பெற நல்ல பெறுபேறு வேண்டும். பெறுபேற்றுக்கோ நல்ல ஆசிரியர் வேண்டும். முன்னரே பொருள்வளம் உடைய சங்கங்களே இவ்வட்டத்துக்குள் எளிதிற் புகுந்தன. பின்னர்த் தூர விதிகளும் வந்தன. முதலில் மூன்று மைல், 1890களின் தொடக்கத்திலே கால் மைல். ஏற்கெனவே உள்ள ஒரு பாடசாலைக்கு அவ்வெல்லைக்குள் எழும் புதிய பாடசாலை உதவி பெறுதல் அரிதாயிற்று. மிஷன் பாடசாலைகள் முந்தி அமைந்துவிட்ட ஊர்களில், பிந்தி எழுந்த சைவரும் பௌத்தரும் நிலத்தை அளந்து பார்த்துப் பெருமூச்சு விட்டனர். அளவுச்சங்கிலிக்குச் சமயம் இல்லை என்பது உண்மையே. முந்தி வந்தவரும் பிந்தி வந்தவரும் அதற்கு உண்டு.

இனி நம் மலைநாட்டிற்கு வருவோம். ஹற்றனுக்கு இருப்புப்பாதை 1884இலும் நானுஓயாவுக்கு 1885இலும் வந்துவிட்டன. தேயிலைப் பெட்டிக்கு வழி பிறந்து இருபது ஆண்டுகளுக்கு மேற்சென்ற பின்னரே, 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியைத் துரைமாரின் பொறுப்புகளுள் ஒன்றாக எண்ணியது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அப்பொறுப்பை மேலும் இறுக்கியது. எனினும் அது கருதியது ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளையே. பத்து வயதிற்குப் பின் தோட்டத்துப் பிள்ளைக்குக் கல்வி தேவையில்லை என்று அதனை எழுதியோர் எண்ணினர் போலும்.

அதற்கு முன்பும் தோட்டங்களிற் கல்வி அடியோடு இல்லாமற் போகவில்லை. லயத்து ஓரத்தில் கங்காணிமார் நடத்திய பள்ளிகள் இருந்தன. பிள்ளைக்காம்பராவே வகுப்பறையான இடங்களும் உண்டு. ஓர் ஆசிரியர், ஓர் அறை, ஐந்தாம் வகுப்பைக் காணாத படிப்பு. உதவிப்பணம் வந்த காலத்திலும் அது தோட்ட நிருவாகத்தின் வழியாகவே வந்தது. பாடசாலையைத் தகுதியுடையதாக்க உழைத்தவர் ஆசிரியர். தகுதியின் பயனைக் கையேற்றது தோட்டக் கந்தோர்.

உதவிக்குரிய கணக்கிலே தலையாயது சராசரி வரவு. அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். இடாப்பில் நாற்பது பிள்ளைகள்; மாதத்திற் பாடசாலை நடந்த நாள் இருபது. முப்பது பேர் எல்லா நாளும் வந்தனர். எஞ்சிய பத்துப் பேர் பத்து நாளே வந்தனர். மொத்த வரவு எழுநூறு; அதனை இருபதாற் பிரிக்க வருவது முப்பத்தைந்து. ஆசிரியர் கற்பித்தது நாற்பது பேருக்கு. அரசாங்கம் கண்டது முப்பத்தைந்து பேரை. அந்தப் பத்துப் பேரும் எங்கே போயினர்? கொழுந்து மிகுந்த மாதங்களில் தாய் மலைக்குப் போக, மூத்த பிள்ளை இளைய பிள்ளையைப் பார்த்துக்கொண்டு லயத்தில் இருந்தது. சற்று வளர்ந்தது பிரட்டுக்களத்தில் நின்றது. தோட்டத்தில் இரண்டு பேரேடுகள் இருந்தன. ஒன்று செக்ரோல், மற்றது வரவு இடாப்பு. முன்னதிற் பெயர் ஏறிய நாளிலே பின்னதிற் பெயர் விழுந்தது. தேயிலை செழித்த மாதம் பாடசாலையின் தகுதி மெலிந்த மாதமாயிற்று. இதற்கு ஆசிரியர் செய்யக்கூடியது யாதுமில்லை. ஆயினும் வித்தியாதரிசி விளக்கம் கேட்டது ஆசிரியரிடமே.

இவ்வேளையிலே நகரங்களில் நிலைமை வேறாக இருந்தது. 1892இல் மெதடிஸ்த மிஷனார் தொடங்கிய ஹற்றன் ஹைலன்ஸ் கல்லூரி போன்றவை படிப்படியாக உயர்ந்தன. தோட்டத்துப் பிள்ளைக்கு அங்கே செல்வதற்கு மைல்களும் இருந்தன; கட்டணமும் இருந்தது.

கட்டணம் 1945இல் நீங்கியது. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டத்தில் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளின் ஆசிரியர் சம்பளத்தைப் பொறுப்பேற்றது. அப்பாடசாலைகள் கட்டணம் வாங்குவதை விட்டன. ஆனால் தோட்டப் பாடசாலைகள் அப்பெருஞ்சாலைக்குப் புறத்தே நின்றன. அவற்றை அரசாங்கம் ஏற்பதற்கு 1947ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இடமளித்தது. அடுத்த ஆண்டிலே குடியுரிமைச் சட்டம் வந்தது. வாக்கிழந்த மக்களின் பாடசாலைக்காகச் சபையில் வற்புறுத்துவோர் குறைந்தனர். 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு ஏற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் அதில் அடங்கவில்லை. தோட்டங்கள் அரசுடைமையான பின்பு, 1970களின் பிற்பகுதியிலேதான் அவற்றின் முறை வந்தது.

இன்று "உதவி நன்கொடை" என்னும் சொல் பெரும்பாலோர்க்கு மறந்துவிட்டது. தகுதி பற்றிய வினா மறையவில்லை. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தின் பின்னர் தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் பணத்திலும் ஏனையவை மாகாணத்தின் பணத்திலும் நடைபெறுகின்றன. கற்றல் உபகரணங்களுக்கான பணம் 2000ஆம் ஆண்டு முதல் மாணவர் தொகை, பாடசாலையின் வகை முதலியவற்றைக் கொண்டு சூத்திரப்படி கணிக்கப்படலாயிற்று. வகை என்பதுதான் இங்கே உயிர்நிலை. உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளது 1ஏபி; கலை, வர்த்தகம் மட்டும் உள்ளது 1சி; பதினோராம் தரத்தோடு நிற்பது வகை 2; அதனினும் கீழ் வகுப்புகளோடு நிற்பது வகை 3. தோட்டப்புறத்தில் 1ஏபி பாடசாலைகள் சிலவே. விஞ்ஞானப் பிரிவு தொடங்க ஆய்வுகூடமும் ஆசிரியரும் வேண்டும். அவற்றைக் கேட்டால், விஞ்ஞானப் பிரிவு இல்லாத பாடசாலைக்கு அவை எதற்கு என்கின்றனர். 1870களின் வட்டம் வேறு மை கொண்டு வரையப்பட்டிருக்கின்றது, அவ்வளவே.

இவ்வட்டம் உடையாதது அன்று. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடனின் சீடா நிறுவனம் தோட்டப் பாடசாலைகளுக்கு உதவியபோது, பெறுபேறு கேட்டுப் பணம் தரவில்லை. கட்டடமும் ஆசிரியர் பயிற்சியும் முன்னே வந்தன. ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் அவ்வகையினதே. அங்கிருந்து வந்த இளம் ஆசிரியர்கள் இன்று எத்தனையோ மலையகப் பாடசாலைகளின் வகுப்பறைகளை நிரப்பியுள்ளனர்.

பழைய மாணவர் பணம் இந்த இடத்திலேதான் பயன்படும். விழாதோறும் தோரண வாயில் கட்டும் ஆசை நம்மவர்க்கு உண்டு; அழகான ஆசைதான், எந்தச் சூத்திரத்திலும் அதற்குப் புள்ளி இல்லை. விஞ்ஞானப் பிரிவு கேட்கச் செல்லும் அதிபரிடம் அதிகாரி முதலிற் கேட்பது, சாதாரண தரத்திற் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் தேறிய பிள்ளைகள் எத்தனை பேர் என்பதே. அவ்விரண்டு பாடங்களுக்கும் மாலை வகுப்பு ஆசிரியர் இருவரை மூன்று ஆண்டுகளுக்கு வைத்துத் தருவதற்கு ஒரு வாயிலின் செலவு போதும். கொழுந்து மாதங்களில் வகுப்பை மாலை ஆறு மணிக்கு வைத்தால், தாய் மலையிலிருந்து திரும்பியபின் மூத்த பிள்ளைகளும் வந்துவிடுவர்.